வெறுங்கையோடு ஆற்றங்கரையில்

“எங்க கண்ணு, இந்த வேகாத வெயில்ல தனியா?”

திருமணிமுத்தாற்றங்கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஆத்தா ஒருவர் கேட்டார். சும்மா ஆற்றைப் பார்க்க வந்தேன் என்றேன். அவருக்கு அது பதிலாகவே படவில்லை. என் கைகளைப் பார்த்தார். பை இல்லை, தூக்குப்போசி இல்லை, அருவாள் இல்லை. “ஆத்துல பாக்கறதுக்கு என்ன கெடக்குது? நீ யாரூட்டுப் புள்ள?” என்றார்.

எனக்கு வயது 55. மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில், இந்த ஆற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிறந்தவள். ஆனாலும் வேலை எதுவும் இல்லாமல் இந்தக் கரையில் நான் நடந்தது அன்றுதான் முதல்முறை. அந்த ஆத்தா கேட்டதில் குற்றம் ஒன்றுமில்லை. எங்கள் சீமையில் பெண் நடப்பதை யாரும் தடுப்பதில்லை. தண்ணீர்க் குடத்தோடு நடக்கலாம், புல்லுக்கட்டோடு நடக்கலாம், காட்டுக்குச் சோற்றுப்போசியோடு நடக்கலாம். மைல் கணக்கில் நடந்தாலும் ஏனென்று கேட்க ஆளில்லை. கையில் ஒன்றுமில்லாமல் நடந்தால்தான் கேள்வி வருகிறது. ஒரு சிற்றூரையும் அதைச் சுற்றியுள்ள வயல்காடுகளையும் ஆற்றையும் நடந்து பார்த்து எழுதுவது ஆண்கள் வெகுகாலமாகச் செய்துவரும் காரியம். அதை நான் செய்து பார்த்தபோது என் கண்ணில் பட்டவை வேறாக இருந்தன. அவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊரிலிருந்து தொடங்குகிறேன். மல்லசமுத்திரம் இன்று நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோட்டை அடுத்த ஒரு பேரூராட்சி. 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கும்வரை சேலம் மாவட்டம்தான். சோழீஸ்வரர் கோயில் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே ஏரி இருக்கிறது. ஏரி வெட்டிக் குடியமைத்த ஊர்களுக்குச் ‘சமுத்திரம்’ என்று பெயர் வைப்பது தென்னாட்டு வழக்கம். வானம் பார்த்த மேட்டுக்காட்டில் நாலு மாதம் நிற்கிற தண்ணீரைக் கடலென்று சொல்லிக்கொள்வதில் பெருமையும் இருக்கிறது, ஏக்கமும் இருக்கிறது.

ஏரியை வெட்டுவித்தவர் பெயர் எந்த ஊரிலும் எப்படியாவது மிஞ்சிவிடும். மண் சுமந்தவர்கள் பெயர் மிஞ்சாது. இன்றைக்கும் சுற்றுவட்டக் கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு ‘ஏரி வேலை’ என்றுதான் பெயர். 2005இல் வந்த வேலை உறுதிச் சட்டத்தின் கீழ் தமிழ்நாட்டில் நடந்த வேலைநாட்களில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பெண்களுடையவை. சமுத்திரங்களின் அடிமண்ணை இன்று வாரிக் கொட்டுகிறவர்கள் அவர்கள்தான். ஏரிக்கரையில் நான் நடந்துபோனபோது, வேப்பமர நிழலில் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்த ஒரு கூட்டம் என்னை அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றது. இல்லை என்று சொன்னதும் சிரித்துக்கொண்டு, “அப்பறம் எதுக்குங்க நடக்கறீங்க, சக்கரையா?” என்றார் ஒருவர். பெண் வெறுங்கையோடு நடக்க ஊர் ஒத்துக்கொண்டிருக்கும் ஒரே காரணம் சர்க்கரை நோய்தான்.

மல்லசமுத்திரத்தின் இன்னொரு முகம் பருத்தி. கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் நடக்கிற நாளில் சுற்றூர் வண்டிகளெல்லாம் மூட்டைகளோடு வந்து நிற்கும். எள்ளும் கொப்பரையும்கூட ஏலத்துக்கு வரும். வியாபாரிகள் மூட்டையைப் பிரித்து, ஒரு பிடி பஞ்சை இழுத்து, இழையின் நீளத்தைக் கண்ணாலேயே அளந்து விலை எழுதுவார்கள். அந்த இடத்தில் பெரும்பாலும் ஆண்கள்தான். ஆனால் அவர்கள் இழுத்துப் பார்க்கிற ஒவ்வொரு பிடியும் அதற்கு முன்பே ஒரு பெண்ணின் கைவழியாக வந்ததுதான். பருத்தி ஒரே நாளில் வெடிக்காது. ஒரே காட்டில் மூன்று தடவை, நாலு தடவை போய் எடுக்க வேண்டும். காய்ந்த காயின் ஓடு முள்ளைப் போலக் குத்தும். பனி ஈரம் இருந்தால் பஞ்சு பழுத்துப்போகும், வெயில் ஏறினால் சருகு உதிர்ந்து ஒட்டிக்கொள்ளும். எந்த நேரத்தில் எடுத்தால் சுத்தமாக வரும் என்ற கணக்கு அந்த விரல்களில் இருக்கிறது. ஏலத்தில் நல்ல விலை பெறுவது அந்தக் கணக்குதான். சீட்டில் இருப்பதோ பட்டாக்காரர் பெயர்.

பட்டா எங்கிருந்து வந்தது? 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் இழந்த பகுதிகளில் பாராமகாலும் சேலமும் இருந்தன. கம்பெனி அனுப்பிய கேப்டன் அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழிருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஜமீன்தார் என்ற இடையாள் இல்லாமல் ஒவ்வொரு குடியானவரிடமும் நேராகத் தீர்வை பேசும் முறையை இங்கேதான் உருவாக்கினார்கள். பிறகு அது சென்னை மாகாணத்தின் பெரும்பகுதிக்கும் போனது. ரயத்துவாரி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். வரலாற்றுப் புத்தகங்கள் இதை உழவனுக்கும் அரசுக்கும் நேரடி உறவு என்று எழுதுகின்றன. ‘உழவன்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். நிலத்தில் பாதிக்கு மேல் வேலை செய்தவள் அந்த உறவில் இல்லை. களை எடுத்தவளும் நாற்று நட்டவளும் பருத்தி எடுத்தவளும் அந்த ஏட்டில் ஏறவில்லை.

அதற்குப் பின் வந்த அதிகாரிகளும் இந்தச் சீமையைச் சுற்றி வந்து எழுதினார்கள். 1883இல் லெ ஃபானு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடும், 1918இல் ரிச்சர்ட்ஸ் எழுதிய கெசட்டியரும் இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிற நூல்கள். நானும் புரட்டியிருக்கிறேன். ஆறும் மலையும் மண்ணும் பயிரும் வரியும் பஞ்சமும் அவற்றில் உண்டு. பெண்களும் வருகிறார்கள், சாதிவாரியாகக் கலியாண வழக்கங்களைச் சொல்லும் இடத்தில். நிலத்தைப் பற்றிய பக்கங்களில் ஆண்கள், சடங்கைப் பற்றிய பக்கங்களில் பெண்கள் என்ற அந்தப் பிரிவினை நமக்குப் பழகிப்போனதுதான்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 60 ஆண்டுகள் ஆயின. 1989இல் வந்த வாரிசுரிமைத் திருத்தத்தின்படி, அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன் கலியாணம் ஆகாத மகளுக்குக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு. முன்பே கலியாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. அந்த நிபந்தனை போக 2005வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எனக்குக் கலியாணம் ஆனது 1991இல். ஆகவே எனக்குப் பங்கு இருந்தது. அதை நான் தெரிந்துகொண்டதே அதை விட்டுக்கொடுக்கும் அன்றைக்குத்தான். அப்பா இறந்த பிறகு விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட அழைத்துப் போனார்கள். எழுத்தர் வேகமாகப் படித்தார். “சீரெல்லாந்தான் செஞ்சாச்சே, அண்ணன் தம்பி உறவு வேணுமில்ல” என்று பக்கத்திலிருந்த பெரியவர் சொன்னார். உறவு வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். போட்டுவிட்டு, வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன். அப்போது என் அம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவருக்கு இப்படியொரு கையெழுத்துக்குக்கூடத் தேவை இருந்ததில்லை. அவரிடம் விட்டுக்கொடுக்க எதுவுமே இல்லாத காலம் அவருடையது.

ஆற்றங்கரையில் நடந்தபோது அந்தக் காட்டையும் தாண்டித்தான் போனேன். மரவள்ளி போட்டிருந்தார்கள். வரப்பில் ஏறலாமா என்று ஒரு நிமிஷம் நின்றேன். ஏறவில்லை. பொதுவழியிலேயே போனேன்.

பருத்தியிலிருந்து நூலுக்கு வருகிறேன். என் அமுச்சி, அதாவது அம்மாவின் அம்மா, சின்னப் பிள்ளையாக இருந்தபோது தன் தாயோடு நூல் கொடுக்க நடந்த கதையைச் சொல்லிக்கொண்டே இருப்பார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில், அந்த ஊர் ஜமீன்தார் கொடுத்த நிலத்தில், ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கினார். 1925 பிப்ரவரி 6ஆம் தேதி அதைத் திறந்துவைத்தவர் பெரியார். பின்னால் எதிரெதிர் திசையில் போன இரண்டு பேரும் அன்றைக்கு ஒரே கொட்டகையில் நின்றார்கள். மழை பொய்த்து இந்தப் பக்கம் காய்ந்து கிடந்த காலம். ராட்டை வைத்திருந்த குடியானவப் பெண்களுக்குப் பஞ்சு கொடுத்து, நூலை எடுத்துக்கொண்டு கூலி கொடுப்பதே ஆசிரமத்தின் முதல் வேலைகளில் ஒன்று. கல்கி கிருஷ்ணமூர்த்தி துணைநிற்க ‘விமோசனம்’ என்ற மதுவிலக்குப் பத்திரிகையும் 1929இல் அங்கிருந்து வந்தது. 1937 அக்டோபர் 1இல் சென்னை மாகாணத்திலேயே முதலாவதாகச் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்ததற்கும் அந்த ஆசிரமத்துக்கும் தொடர்பு உண்டு.

இந்த வரலாற்றில் ராஜாஜி இருக்கிறார், பெரியார் இருக்கிறார், கல்கி இருக்கிறார். நூல் கொண்டுவந்தவர்கள் ‘நூற்கும் பெண்கள்’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிறார்கள். அமுச்சியின் கதையில்தான் அவர்களுக்குக் கால் இருக்கிறது. விடியலுக்கு முன் கிளம்பி, நூல் கட்டை முந்தானையில் சுற்றி, கூட்டமாக நடந்ததாகச் சொல்வார். வழியில் புளியமரத்தடியில் பாட்டு, ஊர்க்கதை, புருஷன்களைப் பற்றிய கேலி. நூல் முறுக்குக் குறைவாக இருந்தால் கழித்துவிடுவார்கள் என்ற பயம். திரும்பும்போது மடியில் புதுப் பஞ்சும் சில்லறையும். நாள் முழுக்க நூற்றாலும் அந்தக் கூலி ஓரிரு அணாதான். காதி இயக்கத்தின் மையத்திலிருந்த பெண்ணுக்கே வயிறு நிறையவில்லை என்பதைக் காந்தியே பின்னால் பேச வேண்டியிருந்தது. நூற்பவர்களுக்கு வாழப் போதுமான கூலி வேண்டும் என்று 1935இல் அவர் வற்புறுத்திய பிறகே அகில இந்திய நூற்போர் சங்கம் கூலியை உயர்த்த முடிவெடுத்தது. துணி விலை ஏறினால் விற்காது என்று அதற்கும் முணுமுணுப்பு இருந்தது.

கூலி எவ்வளவு என்று அமுச்சிக்கு ஞாபகம் இல்லை. “நடந்தது நல்லா இருந்துச்சு கண்ணு” என்பார். “நூலு கொடுக்கப் போறமுன்னா யாரும் ஒண்ணுஞ் சொல்ல மாட்டாங்க.” எனக்கு வெகுநாள் கழித்துத்தான் அந்த வார்த்தையின் பொருள் புரிந்தது. நூல் கட்டு அவர்களுக்குக் கூலியாக மட்டும் இருக்கவில்லை, ஊரைவிட்டு வெளியே போக அனுமதிச் சீட்டாகவும் இருந்தது.

ஒன்றை இங்கே சொல்லாமல் போனால் நேர்மையாகாது. நான் காடு தோட்டம் வைத்திருந்த சாதியில் பிறந்தவள். அமுச்சியின் ஆற்றில் கோடையில் மணலைத் தோண்டி ஊத்துப் போடுவார்கள். அந்த ஊத்துகூடச் சாதிக்கொன்று. எங்கள் வீட்டுப் பெண்களை வெளியே விடாததை மானம் என்றார்கள். எங்கள் காட்டில் வேலை செய்த அருந்ததியர் பெண்கள் இருட்டோடு வந்து இருட்டோடு போனார்கள். அவர்கள் நடப்பதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அது சுதந்திரமல்ல. அவர்களுக்கு வரக்கூடிய ஆபத்தை ஆபத்தாக யாரும் எண்ணவில்லை, அவ்வளவுதான். வெறுங்கையோடு நடக்க ஆசைப்படுவதற்குக்கூட, முதலில் கை கொஞ்சநேரம் ஓய்ந்திருக்க வேண்டும்.

ஆறு சேர்வராயன் மலையில் பிறக்கிறது. சேலம் நகரத்துக்குள் புகுந்து வெளியேறி, வயல்களுக்கும் ஏரிகளுக்கும் நீர் கொடுத்துக்கொண்டு தெற்கே ஓடி, பரமத்தி வேலூர்ப் பக்கம் நன்செய் இடையாற்றில் காவிரியில் கலக்கிறது. மணியும் முத்தும் பெயரில் இருக்கும் ஆறு. இன்று நகரத்துச் சாக்கடையும் சாயப்பட்டறைக் கழிவும் அதில்தான். மழைக்காலத்தில் தண்ணீர் பெருகும்போது மதியம்பட்டிப் பக்கம் தடுப்பணையில் வெள்ளை நுரை ஆளுயரத்துக்கு எழும்பி நிற்கும் படங்களைச் செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். நான் போனது கோடையில். நுரை இல்லை. கறுத்த தண்ணீர் மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. நாற்றம் இருந்தது. சீமைக் கருவேலம் இரண்டு பக்கமும் அடைத்திருந்தது.

ஆறு கெட்டதைப் பற்றி எழுதுகிறவர்கள் மீனையும் பாசனத்தையும் நிலத்தடி நீரையும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். துவைக்கவும் குளிக்கவும் தண்ணீர் எடுக்கவும் பெண்கள் கூடிய இடம் அது. ஆண்களுக்குத் திண்ணை இருந்தது, டீக்கடை இருந்தது, சந்தை இருந்தது. பெண்களுக்கு மாமியார் காது எட்டாத இடம் என்று இருந்தது ஆற்றங்கரை ஒன்றுதான். எந்த வீட்டில் அடி விழுகிறது, எவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கிறது, எவள் தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். வீட்டுக்குக் குழாய் வந்தது நல்லது. குடம் சுமந்து இடுப்பு ஒடிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கூடுமிடத்துக்குப் பதிலாக வேறொன்று வரவே இல்லை.

ஆற்றை எதிர்த்திசையில் தொடர எனக்கு வசதி செய்துகொடுத்தது பேருந்து. 2021 மே மாதத்திலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை. சீட்டு வாங்கக் காசு கேட்டால்தானே எதற்கு என்று கணக்குச் சொல்ல வேண்டும்? கைமுறுக்குக்குப் பேர்போன அட்டையாம்பட்டியில் இறங்கி ஒரு பொட்டலம் வாங்கினேன். அச்சு இல்லாமல் இரண்டு விரலால் மாவை முறுக்கிச் சுற்றுகிற வேலை, பெரும்பாலும் பெண்களுடையது. பொட்டலம் கைக்கு வந்த பிறகு யாரும் என்னை எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

சேலத்தை நெருங்கும் இடத்தில், இதே ஆற்றின் கரையில், உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயில் இருக்கிறது. பாரி மகளிர் அங்கவைக்கும் சங்கவைக்கும் ஔவை கலியாணம் நடத்தியது இங்கேதான் என்பது அந்த ஊர்க் கதை. ஔவைக்கும் அங்கே சன்னதி உண்டு. சங்கப் பாடல்களில் அந்தப் பெண்களை அழைத்துக்கொண்டு அலைகிறவர் கபிலர். விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் கேட்கிறார், அவர்கள் ஏற்கவில்லை. திருக்கோவலூரில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றும், பாரி மகளை மலையனுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் இறங்கியதைச் சொல்கிறது. கல்லிலும் ஏட்டிலும் பெண்ணைக் கொடுப்பவர் ஆண்தான். எங்கள் ஆற்றங்கரைக் கதையில் மட்டும் தகப்பனற்ற இரண்டு பெண்களைக் கூட்டிவந்து வாழவைப்பவர் ஒரு கிழவி. வரலாற்றுச் சான்று என்று கேட்டால் கதை தோற்றுவிடும். ஆனால் மக்கள் ஏன் கதையை அப்படி மாற்றிச் சொன்னார்கள் என்பதும் வரலாற்றின் கேள்விதான்.

ஔவை என்ற பெயரில் வேறுவேறு காலங்களில் பலர் இருந்திருக்கிறார்கள். சங்கத்து ஔவை பாடிய 59 பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அதியமானோடு கள்ளருந்திப் பேசுகிற, தூது போகிற அந்த ஔவை கிழவியல்ல. பிற்காலக் கதைதான் அவரைக் கிழவியாக்கியது. கலியாணத்துக்கு வற்புறுத்தியபோது பிள்ளையாரை வேண்டி இளமையை உதறி முதுமையை வாங்கிக்கொண்டாள் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. சிறுவயதில் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டேன். அந்தச் சன்னதி முன் நின்றபோது வேறு மாதிரிப் பட்டது. நாடு முழுக்கத் தனியாக நடந்த ஒரு பெண்ணைக் கற்பனை செய்ய இந்தச் சமூகத்துக்கு ஒரு வழிதான் தெரிந்திருக்கிறது: அவளை முதலில் கிழவியாக்கிவிடுவது. 1953இல் வந்த ‘ஔவையார்’ படத்தில் ஊன்றுகோலோடு நடந்தவர் கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள். அப்போது அவருக்கு 45 வயதுகூட நிறையவில்லை. 25 வயதில் கணவர் கிட்டப்பாவை இழந்து வெள்ளுடை உடுத்தியவர். நமக்குத் தெரிந்த ஔவையின் முகம் அந்தக் கொங்கு நாட்டுப் பெண்ணின் முகம்தான்.

இளமையை உதறியாவது நடக்கலாம். பிறக்கவே விடாவிட்டால்? 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், மல்லசமுத்திரமும் அடங்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்ட 1,000 ஆண் குழந்தைகளுக்கு 849 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். மாநிலச் சராசரி 948. அடுத்த ஆண்டு தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. நான் கலியாணமாகிப் போன ஆண்டின் கணக்கு அது. கலியாணத்துக்குச் சீர், பிரசவத்துக்குச் சீர், காதுகுத்துக்குச் சீர் என்று பெண்ணைச் செலவாக எண்ணிய கணக்கும், சீர் கொடுத்தாயிற்று என்று சொல்லி என்னைக் கையெழுத்துப் போடவைத்த கணக்கும் ஒரே பேரேட்டில் எழுதப்பட்டவை. மண்ணில் பங்கில்லாதவளுக்கு மண்ணில் இடமும் இல்லை என்று ஆக்கியது அந்தப் பேரேடு. இந்தக் கரையில் நடந்திருக்க வேண்டிய என் வயதுக்காரிகளும் எனக்கு இளையவர்களும் எத்தனை பேர் இல்லாமல் போனார்கள் என்று யோசித்தபோது ஆறு இன்னும் வெறிச்சோடித் தெரிந்தது.

திரும்பும்போது சாயங்காலம். மறுபடியும் ஆற்றங்கரை வழியாகவே வந்தேன். அந்த ஆத்தா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தேன். பல் இல்லை என்று சிரித்துவிட்டு, பேரனுக்கென்று இரண்டை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“நீ யாரூட்டுப் புள்ளைன்னு சொல்லவே இல்லையே?”

அப்பா பெயரைச் சொல்லலாம். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லலாம். நூல் கொடுக்க நடந்த அமுச்சியின் பெயரைச் சொன்னேன். ஆத்தா நெற்றியைச் சுருக்கி யோசித்தார். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. பிறகு, “சரி, வா, பொழுதோட போயிரலாம்” என்று சொல்லி முன்னால் நடந்தார். காலிப் பொட்டலக் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, கையை வீசி நானும் கூட நடந்தேன்.